எந்தப் பத்தியிலும் இல்லாத வெஸ் பிராண்ட்ஸ்மா

வெஸ் பிராண்ட்ஸ்மா எதிலும் முதல் ஆளாக இல்லை என்பதால்தான் ஆறு வருடம் வேலையில் நீடித்தான். டொலீடோ ஹெரான்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் முன்வரிசையில், எதிராளிகளை மோதித் தடுக்க ஐந்து இடங்கள். ஐந்திலும் அவனைவிட நன்றாக நிற்கிறவர்கள் இருந்தார்கள். ஐந்திலும் நிற்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

அயோவாவின் வடமேற்கு மூலையில், பன்றிப் பண்ணைகளுக்கு நடுவே வளர்ந்தவன். முந்நூற்றுப் பத்துப் பவுண்டு எடை. அவன் படித்த கல்லூரியின் பெயரைச் சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்களே எங்கே என்று கேட்பார்கள். டொலீடோவுக்கு வந்தபோது முன்வரிசையில் இடப்பக்கம் மட்டும் நிற்பவனாகத்தான் வந்தான். இரண்டாவது வாரம் நடுவில் நின்று பந்தைப் பின்னுக்குக் கொடுப்பவனின் கணுக்கால் பிசகியது. இவனை நடுவில் தள்ளினார்கள். மறுவருடம் வலப்பக்கம். அதற்கடுத்த வருடம் ஓரத்தில் நின்று மோதியும் கொடுத்து, எப்போதாவது பந்தையும் பிடிக்க வேண்டிய ஓரத்து ஆளாக. பிறகு, உதைப்பவருக்காகக் கால்களுக்கு நடுவே பந்தைப் பதினைந்து கஜம் பின்னால் எறிகிறவன் முதுகைப் பிடித்துக்கொண்டதும், அந்த வேலைக்கும் மாற்றாள். எதையும் வெஸ் கேட்டு வாங்கியதில்லை. காலி இடம் எங்கே இருந்ததோ அங்கே அவனைத் தள்ளினார்கள். அவன் போய் நின்றான். "என்னை ஒரே ஒரு வேலைல விட்டிருந்தா நான் பெரிய ஆளாயிருப்பேன்" என்று ஆறு வருடமாக மனைவி கிரெட்டாவிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தான். அவளும் ஆறு வருடமாக அதை நம்பாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கோடைப் பயிற்சிக்குத் தொண்ணூறு பேர் வருவார்கள். ஆகஸ்டின் கடைசிச் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு ஐம்பத்து மூன்று பேர் மிஞ்ச வேண்டும். அதிலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குச் சீருடை போட்டு இறங்குகிறவர்கள் நாற்பத்தெட்டுப் பேர்தான். அதனால் மூன்று வேலை தெரிந்த ஒருவன் இரண்டு இருக்கைகளை மிச்சப்படுத்துகிறான். எல்லா வருடமும் வெஸ்ஸைக் காப்பாற்றியது இந்தக் கணக்குதான். அந்தக் கடைசி வாரம் ஊரில் காகிதத் துடைப்பான்களுக்குத் தட்டுப்பாடு வரும். ஆட்டக்காரர்கள், அவர்கள் மனைவிமார், மாமியார்கள் என்று எல்லோரும் அதில் ஐம்பத்து மூன்று பெயர்களை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருப்பார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் வெஸ்ஸும் கிரெட்டாவும் வேகவைத்த சோளக்கதிரைக் கடித்தபடி எழுதினார்கள். கிரெட்டா மருத்துவமனையில் மூச்சுக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவள். எண்களில் கறாரானவள். மகள் டில்லிக்குப் புதன்கிழமை முதல் வகுப்பு தொடங்குகிறது. வெஸ் ஏழாவது வருடமும் டொலீடோவில் இருப்பானா, இல்லை குடும்பமே பெட்டி கட்ட வேண்டுமா என்பதுதான் அந்தத் துடைப்பானில் தீர வேண்டிய விஷயம்.

"உன்ன எங்க போட்டிருக்க?" என்றாள் கிரெட்டா.

"முன்வரிசைல."

"அப்ப அங்க பத்து பேரு ஆச்சு. முன்வரிசை கோச் பட் ஒன்பது பேருக்கு மேல வெச்சுக்கவே மாட்டாருன்னு நீதான சொல்லுவ?"

"சரி, அங்க அடிச்சுடு. ஓரத்து ஆளுங்ககூடப் போடு."

"அங்க நாலு ஆகுது. அவங்க கோச் எமோரி மூணுதான் வைப்பான்."

"உதைக்கிற பக்கம்?"

"அங்க மூணே பேர். மூணு பேருக்கும் அதுதான் முழுநேர வேலை." அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "வெஸ், நீ எல்லாப் பக்கமும் இருக்க. ஆனா எங்க எழுதினாலும் ஒரு ஆள் அதிகமாகுதே."

செவ்வாய்க்கிழமை காலை வெஸ் முதலில் முன்வரிசைப் பயிற்சியாளர் பட் கிரெய்லிங்கைப் போய்ப் பார்த்தான். பட்டுக்கு அறுபத்து மூன்று வயது. பக்கத்தில் இருக்கிறவரிடமும் மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"டேய் வெஸ்! வா, உட்காரு. உன்னப் பத்தி நான் தூங்காம யோசிச்ச ஒரு ராத்திரி கிடையாதுடா. அவ்வளவு நம்பிக்கை!"

"அப்ப உங்க ஒன்பதுல நான் இருக்கேனா கோச்?"

"ஒன்பதுல இடம் எதுக்குடா உனக்கு? கல்லூரிலேர்ந்து அஞ்சாவது ரவுண்டுல எடுத்த அந்தப் பையன வெச்சாகணும், மேல உத்தரவு. நீ எமோரி கணக்குல வர்ற. ஓரத்து ஆளு. போன வருஷம் ஒரு பந்துகூடப் பிடிச்சியே!"

"அது என் கைல வந்து மாட்டிக்கிச்சு கோச்."

"கணக்குல பிடிச்சதுதான!"

எமோரி பிளாக்ஷியர் ஓரத்து ஆட்களின் பயிற்சியாளர். வயது முப்பத்து மூன்று, இரண்டு மடிக்கணினிகள், உட்கார நேரமில்லாதவன்.

"வெஸ், நீ இந்தக் கிளப்போட சொத்து. நிஜமாச் சொல்றேன்."

"உங்க மூணு பேர்ல நான் உண்டா?"

"என்ன கேள்வி இது? நீ பட்டோட ஆளு. ஒன்பதாவது ஆளா உன்னதான வெச்சிருப்பாரு? அந்தத் தைரியத்துலதான் நான் வேகமா ஓடற ஒருத்தன மூணாவதா எடுத்தேன்."

வெஸ் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தான். ஒரே காலையில் அவனை இத்தனை பேர் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை. இவ்வளவு புகழ் கிடைத்தவன் சாயங்காலம் வரை தங்கியதாக அந்தக் கட்டடத்தில் யாருக்கும் நினைவில்லை.

அந்தக் கட்டடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்களைக் கழிக்கிற செவ்வாய்க்கிழமை, கூப்பிடாமல் எவனும் மாடிப்படியில் கால் வைக்க மாட்டான். கூப்பிட வருகிறவர் ஆர்ச்சி டவுசெட். ஒரு காலத்தில் இதே அணிக்கு ஆடி, முழங்கால் போய், அலுவலகத்தில் ஒதுங்கியவர். மற்ற நாட்களில் அவரைப் போல நல்லவர் கிடையாது. அந்த வாரம் மட்டும் சாப்பாட்டு அறையில் அவர் உட்கார்ந்த மேஜையில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அவர் வந்து தோளைத் தொட்டு, "மேல வரச் சொன்னாங்க, டேப்லட்டயும் எடுத்துக்க" என்றால் முடிந்தது. ஆட்டத் திட்டங்கள் எல்லாம் அந்தக் கருவியில்தான் இருக்கும். அதைத் திருப்பிக் கேட்டால் ஆளே தேவையில்லை என்று அர்த்தம்.

மதியம் ஒரு மணி வரை ஆர்ச்சி முப்பத்தாறு தோள்களைத் தொட்டுவிட்டார். வெஸ்ஸின் தோளைத் தொடவில்லை. தொடாதது அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பட்டும் எமோரியும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தவனுக்கு, பல்வலிக்காரனை மருத்துவர் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் விட்ட மாதிரி இருந்தது. ஒன்றரை மணிக்கு அவனே டேப்லட்டை எடுத்துக்கொண்டு படியேறினான்.

உடைமாற்றும் அறையில் இருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். டுவான் என்ற தடுப்பாட்டக்காரப் பொடியன் ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

"பெருசு! உன்னையுமா? அடப்பாவிகளா!"

"இன்னும் இல்லடா. கேக்கத்தான் போறேன்."

"கேக்கப் போறியா? யாராவது போய்க் கேப்பாங்களா? உனக்கு மண்டைல அடி எதுவும் பட்டுச்சா?"

படியின் உச்சியில் ஆர்ச்சி நின்றிருந்தார். வெஸ்ஸின் கையிலிருந்த டேப்லட்டைப் பார்த்தார். தன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். காகிதத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"வெஸ், உன் பேரு என்கிட்ட இல்லயே."

"அப்ப நான் இருக்கேனா?"

"அது எனக்குத் தெரியாது. நான் போறவங்க கணக்கு மட்டும்தான் வெச்சிருக்கேன். முப்பத்தாறு."

"முப்பத்தேழு வேணுமே ஆர்ச்சி. தொண்ணூறுல அம்பத்து மூணு போனா முப்பத்தேழு."

ஆர்ச்சி விரல் விட்டு எண்ணினார். பிறகு கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே அணி நிர்வாகி மார்வா ஹெஸ்டனும், வெஸ்ஸுக்குச் சற்று முன்பே படியேறியிருந்த பட்டும் எமோரியும் இருந்தார்கள். சுவர் முழுக்க ஒரு வெள்ளைப் பலகை. அதில் பத்தி பத்தியாகக் காந்த அட்டைகள், அட்டைக்கொரு பெயர். மார்வா இருபது வருடம் கல்லூரி கல்லூரியாக அலைந்து ஆட்டக்காரர்களைத் தேடி, பிறகு நிர்வாகியானவள். எதற்கும் குரலை உயர்த்த மாட்டாள்.

"நான் உன்னக் கூப்பிடலயே" என்றாள்.

"அதான் வந்தேன். நான் எங்க இருக்கேன்?"

மூன்று பேரும் பலகையைப் பார்த்தார்கள். முன்வரிசைப் பத்தியில் ஒன்பது அட்டை. ஓரத்து ஆட்கள் பத்தியில் மூன்று. கடைசியில் வெஸ்ஸே கண்டுபிடித்தான். பலகையின் கீழ்விளிம்பில், மார்க்கர்கள் வைக்கிற இடத்தில், நீல மார்க்கருக்கும் துடைக்கிற துணிக்கும் நடுவே 'பிராண்ட்ஸ்மா' படுத்திருந்தது. ஒரு வாரமாகப் பட் அதை எமோரியின் பத்திக்குத் தள்ளுவார். எமோரி அதைத் திரும்பப் பட்டின் பத்திக்குத் தள்ளுவான். அலுத்துப்போன உதவியாளர் யாரோ, முடிவாகிற வரைக்கும் இருக்கட்டும் என்று கீழே வைத்திருக்கிறார். பிறகு எல்லோரும் பலகையை எண்ணினார்கள். விளிம்பை யாரும் எண்ணவில்லை.

"அவன் உன் ஆளுன்னு நெனச்சேன்!" என்றார் பட்.

"உங்க ஆளு இல்லயா கோச்?" என்றான் எமோரி.

"சண்டைய வெளிய போய்ப் போடுங்க" என்றாள் மார்வா. அவர்கள் போனதும் கதவைச் சாத்தினாள். "வெஸ், நேராச் சொல்றேன். நீ இல்லாம எனக்கு ஆகாது. அதனால இன்னிக்கு உன்னத்தான் நீக்கப் போறேன்."

அவள் விளக்கினாள். ஓட்டக்காரன் ஒருவனுக்குத் தொடைத் தசை கிழிந்திருக்கிறது. இன்று ஐம்பத்து மூன்றில் அவனை வைத்து, நாளை காயப்பட்டவர் பட்டியலுக்கு மாற்றினால்தான் அவன் இந்த வருடமே திரும்பி ஆட முடியும். ஆக ஒருநாள் மட்டும் ஓர் இருக்கை குறைகிறது. சின்னப் பையனை நீக்கினால் விதிப்படி நாளை மதியத்துக்குள் வேறு கிளப் அவனைக் கொத்திக்கொண்டு போய்விடும். வெஸ் மாதிரிப் பழையவர்களுக்கு அந்த விதி இல்லை. நீக்கிய நிமிடத்திலிருந்து அவர்கள் தம் இஷ்டப்படி போகலாம், வரலாம்.

"நாளைக்கு ஒரு மணிக்கு வந்து கையெழுத்து போட்டுடு."

"இதை எழுதித் தருவீங்களா?"

"எழுதினா ஒப்பந்தம். ஒப்பந்தம்னா நீ அம்பத்து நாலாவது ஆளு, எனக்கு அபராதம். கை குலுக்கினா அது வெறும் கை." அவள் கையை நீட்டினாள். "கவலைப்படாத. ஒரு நாள்ல உன்ன யாரு எடுத்துட்டுப் போகப் போறா?"

வெஸ் கை குலுக்கினான். அவன் எவ்வளவு வேண்டியவன் என்பதற்கு, அவனை நீக்கியதுதான் அத்தாட்சி. இதைக் கிரெட்டாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வண்டியில் ஏறினான்.

நாலு இருபத்தைந்துக்கு ஏஜெண்டிடமிருந்து போன் வந்தது.

"வெஸ், உட்கார்ந்திருக்கியா? மேற்குக் கரைல ஒரு கிளப். நடுவுல நிக்கிறவங்க ரெண்டு பேருக்கும் அடி. முதல் ஆட்டத்துலேர்ந்தே நீதான். முதல் ஆளு! நடுவுல மட்டும்."

"நடுவுல மட்டுமா?"

"நடுவுல மட்டும். இதத்தானடா ஆறு வருஷமா கேட்டுட்டிருந்த?"

"மத்த நேரத்துல என்ன பண்றது?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல. காலைல ஒன்பது மணிக்குச் சொல்றேன்."

கிரெட்டா கேட்டதும் அழவுமில்லை, குதிக்கவுமில்லை. டில்லியின் புதுப் பையில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். "உனக்குப் போகணும்னா போ. மூச்சு விடறவங்க அங்கயும் இருப்பாங்க, எனக்கு வேலை கெடைக்கும்."

வெஸ் தன் வாதத்தை வைத்தான். ஒரே வேலை தெரிந்தவனைத் துரத்த, அந்த ஒரு வேலையை நன்றாகச் செய்கிற ஒருவன் வந்தால் போதும். அடிபட்ட இருவரும் அக்டோபரில் எழுந்துவிடுவார்கள். தன்னைத் துரத்த வேண்டுமென்றால் இங்கே ஐந்து பேர் வர வேண்டும். ஐந்து பேருக்கு மார்வாவிடம் ஏது இடம்?

"நல்ல கணக்கு" என்றாள் கிரெட்டா. "ஆனா பொய். உனக்கு அங்க போரடிக்கும்."

வெஸ் சோளக்கதிர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டான்.

புதன்கிழமை காலை டில்லியைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு ஏஜெண்டிடம் மாட்டேன் என்றான். அவர், "உன் மண்டைய ஒருதடவ ஸ்கேன் பண்ணிப் பாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஒரு மணிக்கு வெஸ் மறுபடி படியேறினான். ஆர்ச்சி அவன் கண்ணைப் பார்க்காமல் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன ஆர்ச்சி?"

"மதியம் பன்னண்டு மணிக்கு, மத்த கிளப்புங்க நீக்கினதுல ஒருத்தன நம்மாளுங்க எடுத்துட்டாங்க. முன்வரிசைதான். இருபத்து மூணு வயசு. குதிரை மாதிரி இருக்கான்."

வெஸ் கடிகாரத்தைப் பார்த்தான். மேற்குக் கரைக்கு இந்நேரம் வேறு எவனோ விமானம் ஏறியிருப்பான்.

மார்வா எழுந்து நின்றாள். அவள் எழுந்து நிற்பது நல்ல சகுனமல்ல. "உன் கையக் குலுக்கினது எனக்கு மறக்கல வெஸ். ஆனா காயக்காரன் இடத்துல இவன் வந்துட்டான். வேற யாரும் எடுக்காம இவன் நமக்குக் கெடைப்பான்னு நான் எதிர்பாக்கல. இன்னொரு இடம் காலியாகட்டும், முதல் போன் உனக்குத்தான்."

"எப்ப காலியாகும்?"

"ஒரு வாரம். மூணு வாரம். தெரியல."

அப்போது கதவைத் தட்டாமல் உதைப் பயிற்சியாளர் நீல் டர்ஜன் உள்ளே வந்தார். மெலிந்த, எப்போதும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றே கவலைப்படுகிற மனிதர்.

"மார்வா, பந்தத் தூக்கி உதைக்கிற நம்ம ஆளு விரல உடச்சுக்கிட்டான். வண்டிக் கதவு. இடது கை நடுவிரல்."

"உதைக்கிறது காலாலதான?"

"தூக்கி உதைக்கிறத உதைச்சுடுவான். கோலுக்கு உதைக்கறப்ப முட்டி போட்டுப் பந்தப் பிடிச்சு நிறுத்தறதும் அவன்தான். அவனுக்கு மாற்று, பந்து எறிஞ்சு ஆட்டத்த நடத்தற நம்ம மூணாவது குவாட்டர்பேக். அவன நேத்து அனுப்பிட்டோம். திரும்பக் கூட்டிட்டு வரணும்."

"ஒருத்தன் பந்தப் பிடிக்கறதுக்கு ஒரு இருக்கையா?" மார்வா நெற்றியைத் தேய்த்தாள். "அதுக்கு நான் ஒருத்தன வெளிய தள்ளணும்."

"வேற யாரு பிடிப்பா?"

ஆறு வருடத்தில் முதல் தடவையாக, தள்ளுவதற்கு யாரும் இல்லாமல் வெஸ் தானாக ஒரு காலி இடத்தில் போய் நின்றான்.

"நான் பிடிக்கிறேன்" என்றான்.

நீல் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதற்குச் சற்று நேரம் பிடித்தது. "நீ முட்டி போட்டா எழுந்திருக்க எவ்வளவு நேரமாகும்?"

"எழுந்திருக்க வேண்டாமே கோச். பிடிச்சாப் போதும்ல?"

"முன்னாடி பிடிச்சிருக்கியா?"

"இல்ல. ஆனா எறிஞ்சிருக்கேன். கோலுக்கு எறியற எட்டு கஜத்துக்குப் பந்து எத்தன சுத்து சுத்தும், தையல் எந்தப் பக்கம் பார்த்து வந்து நிக்கும்னு எனக்குத் தெரியும். வர்ற பந்த எறியறவன் கண்ணாலதான் பாப்பேன்."

மார்வா சாளரத்துப் பக்கம் திரும்பினாள். கீழே பயிற்சி மைதானம் வெறுமையாக இருந்தது. "பத்துப் பந்து" என்றாள். "நானும் வர்றேன்."

முதல் பந்து வெஸ்ஸின் நெஞ்சில் பட்டுத் தெறித்தது. இரண்டாவதைப் பிடித்தான், ஆனால் சாய்த்து வைத்துவிட்டான். கோலுக்கு உதைக்கிற சல்வடோர் அதைக் கொடிக்கம்பத்துக்கு அனுப்பினான். "அண்ணே, நீ பக்கத்துல உட்கார்ந்தா எனக்குக் கம்பமே தெரியல. சுவத்தப் பாத்து உதைக்கிற மாதிரி இருக்கு" என்றான். வெஸ் அரையடி தள்ளி முட்டியை ஊன்றினான். எறிகிறவனிடம், "கொஞ்சம் கீழ விடு, அரைச் சுத்து கம்மியா" என்றான். எறிகிறவன் அவனை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு அப்படியே விட்டான். மூன்றாவது பந்து தையல் முன்பக்கம் பார்த்தபடி அவன் கைக்குள் வந்து விழுந்தது. அந்தப் பெரிய கையில் அது ஒரு முட்டை மாதிரி இருந்தது. கீழே வைத்தான், ஒரு விரலால் அழுத்தினான். சல்வடோர் உதைத்தான். இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் போனது.

அடுத்த ஏழில் ஆறு போயின. போகாத ஒன்றுக்குச் சல்வடோர் காற்றைக் குறை சொன்னான். நீலும் உடனே ஒப்புக்கொண்டார்.

மார்வா போனை எடுத்தாள். யாரிடமோ ஒரு பெயரைச் சொன்னாள். அது மூன்று வருடம் உதிரியாக ஓடித் திரிந்த ஓட்டக்காரனின் பெயர். "ஆர்ச்சியை அனுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். வெஸ் அதைக் கேட்காத மாதிரிப் பந்தைத் துடைத்தான். தான் அடையும் ஒவ்வொரு இருக்கையும் வேறொருவன் உட்கார்ந்த சூடு ஆறாத இருக்கைதான் என்பது ஆறு வருடத்தில் அவனுக்குப் பழகியிருந்தது. ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"மேல வா, கையெழுத்து போடு" என்றாள் மார்வா. "பலகைல உன்ன எங்க வைக்கிறதுன்னு இன்னும் தெரியல. ஆனா இந்தத் தடவ பலகைல ஒட்டிடறேன்."

வெஸ் எழுந்திருக்க முயன்றான். மடங்கிய முட்டி நிமிரவில்லை. சல்வடோர் ஒரு பக்கமும் நீல் மறுபக்கமும் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

"இந்தத் தூக்கற வேலைக்கு ஒரு மாற்று ஆள் வேணும்" என்றார் நீல், மூச்சு வாங்கிக்கொண்டே.